நுங்கம்பாக்கத்தில் கண்டறியப்பட்ட ‘ஆசியா’

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடைப்பட்ட வெளியில் சூரியனைச் சுற்றிவரும் எண்ணற்ற பாறைத் துண்டங்களில், 67 என்ற வரிசை எண்ணைத் தாங்கிய ஒன்றுக்கு ‘ஆசியா’ என்று பெயர். ஏறத்தாழ 60 கிலோமீட்டர் குறுக்களவு கொண்ட அந்தச் சிறுகோளை, சென்னை நுங்கம்பாக்கத்தில் அந்நாளில் இயங்கிவந்த வானாய்வகத்திலிருந்து 1861 ஏப்ரல் 17 அன்று நார்மன் ராபர்ட் போக்சன் என்ற ஆங்கிலேய வானியலாளர் கண்டறிந்தார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் அதுவே என்பதால்தான் அதற்கு அந்தப் பெயர் அமைந்தது. சென்னையின் கோட்டைகளையும் கோயில்களையும் கடற்கரையையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிக் குவிக்கும் தமிழ் எழுத்துலகில், அந்நகரின் வானத்திலிருந்து ஒரு கண்டத்தின் பெயர் சூரியக் குடும்பத்தில் பதிவான இந்நிகழ்ச்சி போதிய அளவு பேசப்படாதது பெருங்குறையே.

சிறுகோள் என்பது கோள் என்று சொல்லத்தக்க அளவுக்குப் பெரிதாக வளராமல், சூரியக் குடும்பம் உருவான காலத்தின் மிச்சமாகத் தங்கிவிட்ட பாறை அல்லது உலோகப் பொருள். இத்தகையவை மிகுதியாகத் திரண்டிருக்கும் பகுதிக்கு முதன்மைச் சிறுகோள் பட்டை என்று பெயர். 1801 ஜனவரி 1 அன்று சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் ஜுசெப்பே பியாட்சி என்ற துறவி கண்ட சீரஸே இவற்றுள் முதலில் அறியப்பட்டது. சில வாரங்களில் அது சூரிய வெளிச்சத்துக்குள் மறைந்து காணாமற்போக, இளைஞராயிருந்த கணித மேதை காஸ் அதன் பாதையைக் கணக்கிட்டுச் சொல்ல, அந்த ஆண்டின் இறுதியிலேயே அது மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு புள்ளியைக் கண்டால் மட்டும் போதாது, வெவ்வேறு இரவுகளில் அதன் இருப்பிடத்தை அளந்து அது செல்லும் பாதையைக் கணக்கிட்டு நிறுத்தினால்தான் கண்டுபிடிப்பு நிறைவேறும் என்ற பாடத்தை வானியலாளர்கள் சீரஸிடமிருந்துதான் கற்றார்கள். 1807-க்குள் நான்கு சிறுகோள்கள் அறியப்பட்டன. ஐந்தாவது 1845-இல்தான் கிடைத்தது. அதன்பின் வேகம் கூடி, 1861 ஏப்ரல் தொடக்கத்தில் எண்ணிக்கை 66-ஐ எட்டியிருந்தது.

போக்சன் சென்னைக்கு வந்தபோது இத்துறையில் புதியவர் அல்லர். 1829-இல் நாட்டிங்ஹாமில் பிறந்த அவர், ஆக்ஸ்ஃபோர்டின் ராட்கிளிஃப் வானாய்வகத்தில் பணியாற்றிய காலத்திலேயே ஐசிஸ், அரியாட்னி, ஹெஸ்டியா ஆகிய மூன்று சிறுகோள்களைக் கண்டறிந்திருந்தார். ஒரு விண்பொருள் எவ்வளவு பிரகாசமாகத் தெரிகிறது என்பதைக் குறிக்கும் ஒளிப்பொலிவெண் என்ற அளவுக்கு இன்றும் உலகம் முழுவதும் பயன்படும் கணித வரையறையைத் தந்தவரும் அவரே: ஒளிப்பொலிவெண்ணில் ஐந்து படிகளின் வேறுபாடு, பிரகாசத்தில் சரியாக நூறு மடங்கு வேறுபாட்டுக்குச் சமம் என்றும், எனவே ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையிலான விகிதம் ஏறத்தாழ 2.512 என்றும் அவர் வகுத்தார். வானியல் பாடநூல்கள் இந்த விகிதத்தை விண்மீன்களோடு சேர்த்தே கற்பித்தாலும், போக்சன் இதை முன்வைத்த 1856-ஆம் ஆண்டுக் கட்டுரை உண்மையில் சிறுகோள்களைப் பற்றியது என்பது நினைவில் கொள்ளத்தக்கது. அடுத்த ஆண்டின் ஒவ்வொரு மாதமும் 36 சிறுகோள்கள் எவ்வளவு பிரகாசமாகத் தெரியும் என்று முன்கூட்டிக் கணித்துத் தருவதே அதன் நோக்கம். சிறுகோள் சூரியனிடமிருந்தும் பூமியிடமிருந்தும் விலகியும் நெருங்கியும் செல்வதால் அதன் வெளிச்சம் கூடிக் குறைந்துகொண்டே இருக்கும். எந்த மாதத்தில் எந்தத் தொலைநோக்கிக்கு அது எட்டும் என்று அறியாமல் தேடுவது வீண் உழைப்பு என்பதை உணர்ந்த ஒருவருக்குத்தான் இப்படியொரு அளவுகோலின் தேவை புலப்பட்டிருக்கும்.

சென்னை வானாய்வகத்துக்கு அப்போதே எழுபது ஆண்டு வரலாறு இருந்தது. 1786-இல் வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி அதிகாரி எழும்பூரில் தம் சொந்தச் செலவில் தொடங்கிய சிறு ஆய்வகத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்றுக்கொண்டு, 1792-இல் நுங்கம்பாக்கத்தில் மைக்கேல் டாப்பிங் வடிவமைத்த கட்டடத்துக்கு மாற்றியது. கருவி அசையாமலிருக்க வேண்டும் என்பதற்காக அதன் நடுவில் பத்து டன் எடையுள்ள கருங்கல் தூண் நிறுத்தப்பட்டு, அங்கே தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் கல்வெட்டும் பொறிக்கப்பட்டது. (இன்றைய மண்டல வானிலை ஆய்வு மைய வளாகத்தில் அந்தத் தூண் இன்னும் நிற்கிறது.) பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களின் இருப்பிடங்களைக் கொண்ட புகழ்பெற்ற சென்னை விண்மீன் அட்டவணை 1844-இல் இங்கிருந்துதான் வெளிவந்தது. இத்தகைய ஆய்வகத்தின் பொறுப்பை 1861 பிப்ரவரியில் ஏற்ற போக்சன், ஏறத்தாழ இரண்டே மாதத்தில் ஆசியாவைக் கண்டறிந்தார்.

அந்நாளில் சிறுகோள் தேடுவது எத்தகைய வேலை என்பதை நெருங்கிப் பார்த்தால்தான் இந்த வேகத்தின் அருமை விளங்கும். நிழற்படத் தகடு வானியலுக்கு முழுமையாக வந்து சேராத காலம் அது. தேடுபவரிடம் இருந்தவை ஒரு தொலைநோக்கி, ஒரு மங்கலான விளக்கு, கையால் வரைந்த விண்மீன் வரைபடம், பயின்ற கண் ஆகியவை மட்டுமே. சூரியன் ஓராண்டில் வானில் செல்வதாகத் தோன்றும் வழியான சூரியவீதியை ஒட்டியே சிறுகோள்கள் பெரும்பாலும் உலவுவதால், அந்த வீதியில் ஒரு சிறு கட்டத்தைத் தேர்ந்து, அதிலுள்ள மங்கிய புள்ளிகள் அனைத்தையும் வரைபடத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். வரைபடத்தில் இல்லாத புள்ளி ஒன்று தென்பட்டால் அது படம் வரைந்தவர் விட்டுவிட்ட விண்மீனாக இருக்கலாம், ஒளி மாறும் விண்மீனாக இருக்கலாம், முன்பே அறியப்பட்ட சிறுகோளாகவும் இருக்கலாம். சில மணி நேரம் கழித்தோ மறுநாள் இரவோ பார்க்கும்போது அருகிலுள்ள விண்மீன்களை விட்டு அது சற்று நகர்ந்திருந்தால், அப்போதுதான் இதயம் ஒரு கணம் துள்ளும். அதற்குப் பின்னும் அறியப்பட்ட 66 சிறுகோள்களில் எதுவும் அன்று அந்த இடத்தில் இருக்க வாய்ப்பில்லை என்று கணக்கிட்டுக் காட்டிய பிறகே புதியது என்று அறிவிக்க இயலும்.

இந்தத் தேடலுக்குச் சென்னையின் இருப்பிடம் பெரிதும் துணைபுரிந்தது. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 பாகையில் அமைந்த இந்நகரில் சூரியவீதி வானில் உயர்ந்து செல்வதால், இங்கிலாந்திலிருந்து பார்ப்பவருக்கு அடிவானத்தின் மூடுபனியில் தோய்ந்து தெரியும் அதன் தென்பகுதிகூட இங்கே தெளிவாகத் தெரியும் உயரத்தில் அமைகிறது. போக்சன் சென்னையில் கண்டறிந்த ஐந்து சிறுகோள்களில் மூன்று ஏப்ரல், மே மாதங்களில் கிடைத்தவை என்பதும் கவனிக்கத்தக்கது. மக்கள் வெயிலை நொந்துகொள்ளும் அந்தக் கோடையின் இரவுகள்தான் வானியலாளருக்கு மேகமற்ற அறுவடைக் காலம்.

ஆனால் செய்தி ஐரோப்பாவுக்குச் செல்ல வேண்டுமே! இந்தியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே நிலைத்து நின்ற தந்தித் தொடர்பு 1865-இல்தான் ஏற்பட்டது. 1861-இல் சென்னையின் கண்டுபிடிப்பு அஞ்சலாகக் கப்பலேறிப் பல வாரங்கள் பயணம் செய்ய வேண்டியிருந்தது. அது சென்று சேர்வதற்குள் அதே ஏப்ரல் மாத இறுதியில் டுஸ்ஸல்டார்ஃபில் ராபர்ட் லூதர் லீட்டோவையும், மிலானில் ஜியோவான்னி ஸ்கியாபரெல்லி ஹெஸ்பீரியாவையும் கண்டறிந்துவிட்டனர். ஹெஸ்பீரியா என்பது மேற்குத் திசை நாடு என்ற பொருளில் பண்டைக் கிரேக்கர் இத்தாலிக்கு வழங்கிய பெயர். கிழக்கின் பெயர் கொண்ட 67-உம் மேற்கின் பெயர் கொண்ட 69-உம் ஒரே மாதத்தில் பட்டியலில் இடம்பெற்றது, திட்டமிட்டாலும் வாய்க்காத பொருத்தம்.

பெயரிடும் வழக்கம் அப்போது கடும் சர்ச்சையில் சிக்கியிருந்தது என்பதை அறிந்தால்தான் ஆசியா என்ற தேர்வின் நுட்பம் புரியும். பண்டைக் கிரேக்க, ரோமானியத் தொன்மங்களில் வரும் பெண் தெய்வங்களின் பெயர்களையே சிறுகோள்களுக்குச் சூட்டவேண்டும் என்பது எழுதப்படாத விதியாக இருந்தது. 1850-இல் ஜான் ரஸ்ஸல் ஹைண்ட் தாம் கண்ட பன்னிரண்டாவது சிறுகோளுக்கு விக்டோரியா என்று பெயரிட்டபோது, ஆட்சியிலிருக்கும் அரசியின் பெயர் வானத்தில் ஏறுவதா என்று அமெரிக்க வானியலாளர்கள் எதிர்ப்புத் தெரிவிக்க, விக்டோரியா என்பது ரோமானியரின் வெற்றித் தெய்வத்தின் பெயரும்தான் என்ற காரணம் அதற்குக் கேடயமாயிற்று. 1852-இல் மார்சேய் நகரின் பழம்பெயரான மசாலியா இருபதாவது சிறுகோளுக்குச் சூட்டப்பட்டதும் தொன்மத்தின் வேலி முதல்முறையாக உடைந்தது.

1861 மார்ச் மாதத்தில் இந்தப் பூசல் மீண்டும் மூண்டது. மார்சேயில் எர்ன்ஸ்ட் டெம்பல் நான்கு நாள் இடைவெளியில் இரண்டு சிறுகோள்களைக் கண்டறிய, ஒன்றுக்கு அந்நகருக்கு அருகே முன்பு இயங்கிய ஒரு வானாய்வு நிலையத்தை நினைவூட்டும் ஏஞ்சலினா என்ற பெயரும், மற்றொன்றுக்குப் பவேரிய மன்னர் இரண்டாம் மாக்சிமிலியனைச் சிறப்பிக்கும் மாக்சிமிலியானா என்ற பெயரும் சூட்டப்பட்டன. இரண்டும் கண்டனத்துக்கு உள்ளாயின. ஏஞ்சலினா நிலைத்தது, மாக்சிமிலியானா நிலைக்கவில்லை. மன்னரின் பெயர் நீக்கப்பட்டு, பண்டை அனத்தோலியாவின் தாய்த்தெய்வமான சிபெலியின் பெயர் அதற்கு வந்தது.

இந்தப் பின்னணியில் ஆசியா என்ற பெயரை எடைபோட்டால் போக்சனின் சாதுரியம் வெளிப்படும். கிரேக்கத் தொன்மத்தில் ஆசியா என்பவள் டைட்டன் குலப் பெண். புரோமிதியூஸ், அட்லஸ் முதலியோரின் தாய் என்று சில மரபுகள் சொல்லும். எனவே தொன்மத்தை விரும்பியவர்கள் குறைசொல்ல இடமில்லை. அதே வேளையில் கண்டுபிடிப்பு நிகழ்ந்த கண்டம் எது என்பதும் அழியாமல் பதிவாகிவிட்டது. அரசரைப் புகழவோ புரவலரை மகிழ்விக்கவோ முயலாமல், இந்த வேலை எங்கே செய்யப்பட்டது என்பதை மட்டும் சொல்லும் பெயர் அது. அந்த ஆண்டின் வசந்தத்தில் சூட்டப்பட்ட பெயர்களில் அதுவே மிகச் சிறந்தது என்று தயங்காமல் சொல்லலாம்.

ஆசியா சூரியனிடமிருந்து சராசரியாக 2.42 வானியல் அலகு தொலைவில் சுற்றுகிறது. (ஒரு வானியல் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான சராசரித் தொலைவு, ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர்.) ஒரு சுற்றை முடிக்க 3.77 ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் அது, செவ்வாய் இரண்டு முறை சுற்றுவதற்குள் ஒருமுறை சுற்றி முடிக்கும் ஒத்திசைவில் இருக்கிறது. தன்னைத்தானே சுற்ற அதற்கு ஏறத்தாழ 16 மணி நேரம் ஆகிறது.

அதற்குப்பின் போக்சன் சென்னையிலிருந்து 1864 மே 2-இல் சாஃபோவையும், 1866 மே 16-இல் சில்வியாவையும், 1868 நவம்பர் 17-இல் கமில்லாவையும், 1885 பிப்ரவரி 6-இல் வேராவையும் கண்டறிந்தார். இவற்றுள் சில்வியாவின் கதை தனியே சொல்லத்தக்கது. அந்தப் பெயர் பிரெஞ்சு வானியலாளர் கமில் ஃபிளமாரியோனின் மனைவி சில்வியைக் குறிப்பது என்று 1955-இல் வெளிவந்த ஒரு சிறுகோள் பெயர்த் தொகுப்பு எழுதிவைக்க, அதுவே பலராலும் எடுத்தாளப்பட்டது. ஆனால் கண்டுபிடிப்பை அறிவித்த 1866-ஆம் ஆண்டுக் குறிப்பிலேயே, ரோமாபுரியைத் தோற்றுவித்த இரட்டையர் ரோமுலஸ், ரீமஸ் ஆகியோரின் தாயான ரியா சில்வியாவை எண்ணியே அந்தப் பெயரைத் தெரிந்தெடுத்ததாகப் போக்சன் விளக்கியிருக்கிறார். மூலத்தைப் புரட்டாமல் தொகுப்பை நம்பினால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

2001 பிப்ரவரியில் ஹவாய்த் தீவின் கெக் தொலைநோக்கி வழியே மைக்கேல் பிரவுனும் ஜான்-லூக் மார்கோவும் சில்வியாவைச் சுற்றும் நிலவு ஒன்றைக் கண்டனர். 2004 ஆகஸ்டில் சிலி நாட்டிலுள்ள மீப்பெரும் தொலைநோக்கி வழியே ஃபிராங்க் மார்ஷி குழுவினர் இரண்டாவது நிலவையும் கண்டறிந்தனர். இரண்டு நிலவுகள் உள்ளதாக அறியப்பட்ட முதல் சிறுகோள் சில்வியாதான். அந்த நிலவுகளுக்கு ரோமுலஸ், ரீமஸ் என்றே பெயரிடப்பட்டது. சென்னையில் ஒருவர் தாயின் பெயரைச் சூட்டி ஏறத்தாழ 140 ஆண்டுகள் கழித்துப் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். நிலவுகள் எவ்வளவு தொலைவில் எவ்வளவு வேகத்தில் சுற்றுகின்றன என்பதை அளந்தால் தாய்க்கோளின் நிறையைக் கணக்கிடலாம் என்பதால், ஏறத்தாழ 270 கிலோமீட்டர் குறுக்களவுள்ள சில்வியாவின் அடர்த்தி தண்ணீரின் அடர்த்தியைவிடச் சற்றே கூடுதல் என்பதும் தெரியவந்தது. திண்ணிய ஒற்றைப் பாறைக்கு இவ்வளவு குறைந்த அடர்த்தி பொருந்தாது. மோதலில் சிதறிய துண்டுகள் ஈர்ப்பால் மீண்டும் ஒன்றுகூடி, இடையிடையே வெற்றிடங்களோடு அமைந்த கற்குவியலே அது என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்தனர். கமில்லாவுக்கும் 2001-இல் ஹபிள் தொலைநோக்கி வழியே ஒரு நிலவும், 2016-இல் மற்றொன்றும் அறியப்பட்டன.

இந்த வரலாற்றில் போக்சன் ஒருவரின் பெயரை மட்டும் சொல்லி நிறுத்துவது நியாயமாகாது. ஆக்ஸ்ஃபோர்டில் அவர் கண்ட முதல் சிறுகோளுக்கு ஆய்வகத் தலைவர் மானுவேல் ஜான்சன் ஐசிஸ் என்று பெயரிட்டது, எகிப்தியத் தெய்வத்தோடு போக்சனின் மகள் எலிசபெத் ஐசிஸையும் மனத்தில் கொண்டே. அந்த மகள் 1873 முதல் சென்னை வானாய்வகத்தில் உதவியாளராக இருபத்தைந்து ஆண்டுகள் பணியாற்றி, 1881 முதல் சென்னை மாகாணத்தின் வானிலைச் செய்தியாளராகவும் விளங்கினார். 1886-இல் லண்டன் அரச வானியல் கழகத்தின் உறுப்பினராக அவர் பெயர் முன்மொழியப்பட்டும் பெண் என்பதால் கதவு திறக்கவில்லை. 1920-இல்தான் அந்தத் தகுதி அவருக்குக் கிடைத்தது. வானத்தில் ஒரு சிறுகோளுக்குப் பெயராக இருந்தவருக்கு ஒரு கழகத்தின் உறுப்பினர் பட்டியலில் 34 ஆண்டுகள் இடம் மறுக்கப்பட்டதை எந்த நியாயத்தாலும் பூசிமெழுக முடியாது.

ஆய்வகத்தின் தலைமை உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரியும் அவ்வாறே நினைக்கப்பட வேண்டியவர். விண்மீன் இருப்பிடங்களின் அன்றாட அளவீடுகளைப் பல்லாண்டுகள் சுமந்த அவர், 1867-இல் தென்வானின் ஆர் ரெட்டிகுலி என்ற விண்மீன் ஒளி மாறுவது என்று கண்டறிந்தார். 1874-இல் வெள்ளிக் கோள் சூரியனுக்குக் குறுக்கே கடந்த அரிய நிகழ்வை ஆங்கிலத்தோடு இந்திய மொழிகளிலும் பொதுமக்களுக்கு விளக்கி எழுதினார். ஆய்வகத்தின் பெருமையில் இத்தகையவர்களின் பங்கு போக்சனின் பங்கைவிடக் குறைந்ததாகக் கருத இடமில்லை.

போக்சன் 1891 ஜூனில் சென்னையிலேயே காலமானார். அதே ஆண்டு டிசம்பர் 22 அன்று ஜெர்மனியில் மாக்ஸ் வோல்ஃப், நிழற்படத்தின் வழியே கண்டறியப்பட்ட முதல் சிறுகோளான புரூசியாவை அறிவித்தார். வரைபடத்தையும் கண்ணையும் மட்டும் நம்பிய தேடல் அதன்பின் வேகமாக வழக்கொழிந்தது. சென்னையின் வானியல் பணிகளும் 1899-இல் கொடைக்கானலுக்குச் சென்றுவிட்டன.

இன்று பெயரிடுதல் பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் குழு ஒன்றின் பொறுப்பில் இருக்கிறது. புதிதாகக் காணப்படும் பொருளுக்கு முதலில் தற்காலிகக் குறியீடு தரப்படும். பாதை ஐயமறத் தெரிந்ததும் நிலையான எண் தரப்படும். அதன்பின் பெயரை முன்மொழியும் உரிமை பத்தாண்டுக் காலத்துக்குக் கண்டறிந்தவருடையது. பெயர் 16 எழுத்துகளுக்குள் அமைந்து, உச்சரிக்கத்தக்கதாகவும் எவரையும் புண்படுத்தாததாகவும் இருத்தல் வேண்டும். அரசியலாலோ போராலோ அறியப்பட்டவர்களின் பெயரைச் சூட்ட அவர்கள் இறந்து நூறாண்டு கடந்திருக்க வேண்டும். வணிகப் பெயர்களுக்கு இடமில்லை. மாக்சிமிலியானா போன்ற பூசல்கள் மீண்டும் எழாதிருக்க நூறாண்டு விதி ஒன்றே போதும்.

வேராவுக்குப் பிறகு இந்தியாவிலிருந்து அடுத்த சிறுகோள் கண்டறியப்பட 103 ஆண்டுகள் ஆயின. 1988 பிப்ரவரி 17 அன்று ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தில் ஆர். ராஜமோகன் கண்ட அதற்கு 1988 டிகியூ1 என்ற தற்காலிகக் குறியீடு கிடைத்தது. ‘டி’ என்ற எழுத்து பிப்ரவரியின் பிற்பாதியையும், ‘கியூ’ என்ற எழுத்தும் அதையடுத்த எண்ணும் அந்த அரைமாதத்தில் அறிவிக்கப்பட்டவற்றுள் அது 41-ஆவது என்பதையும் காட்டும். நிலையான எண் 4130 ஆயிற்று, பெயர் ராமானுஜன் ஆயிற்று. சிறுகோள்களைப் பற்றித் தமிழில் பாடம் எழுதுவோர் சீரஸைச் சொன்ன கையோடு ஆசியாவையும் ராமானுஜனையும் எடுத்துக்காட்டாகச் சேர்க்க வேண்டும். ஒன்று நுங்கம்பாக்கத்திலும் மற்றொன்று காவலூரிலும் கண்டறியப்பட்டவை.